கண்ணால் பேசும் கருவி யாருக்குச் சொந்தம்? ஸ்டீவ் கிளீசன்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க அரசின் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டில் ஒரு சின்ன மாற்றம் நடைமுறைக்கு வந்தது. வாயால் பேச முடியாதவர்களுக்கான பேச்சுக் கருவிகளை அதுவரை மெடிகேர் ஒரேயடியாக விலை கொடுத்து வாங்கித் தந்துகொண்டிருந்தது. அன்று முதல் அவை வாடகைப் பொருள் ஆயின. 13 மாதம் வாடகை கட்டி முடித்த பிறகுதான் கருவி நோயாளிக்குச் சொந்தம். அதற்குள் அவர் மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ சேர வேண்டி வந்தால் மெடிகேர் வாடகையை நிறுத்திவிடும். வாடகை நின்றால் கருவியைக் கொடுத்த நிறுவனம் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம்.

கணக்கு எழுதுபவரின் மேசையிலிருந்து பார்த்தால் இதில் குற்றம் தெரியாது. கட்டிலும் சக்கர நாற்காலியும் அப்படித்தானே வாடகைக்குப் போகின்றன? மருத்துவமனைக்குப் போனால் அங்கே வேறு கட்டில் இருக்கும், சரி. ஆனால் ஒருவரின் குரலே அந்தக் கருவியில் இருக்கும்போது மருத்துவமனையில் வேறு குரல் எங்கே இருக்கிறது? “எங்கே வலிக்கிறது?” என்று மருத்துவர் கேட்கும் நேரத்தில், பதில் சொல்லும் வாயை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்த மாதிரிதான்.

கண் அசைவைப் படிக்கும் கருவிகளைப் பற்றிப் பேசினால் எல்லோரும் கேமராவில் ஆரம்பித்து அதிசயத்தில் முடிப்பார்கள். நான் இந்த வாடகை விதியில் ஆரம்பித்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் கேமரா தீர்த்து வைத்த சிக்கல்களை விடத் தாளில் கிடந்த சிக்கல்கள்தான் ஆளை அதிகம் வாட்டின. அந்த விதியை மாற்ற முன்னே நின்றவர் கை காலை அசைக்க முடியாத ஒரு முன்னாள் விளையாட்டு வீரர்.

ஆள்

ஸ்டீவ் கிளீசன் 1977இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்காக அமெரிக்கக் கால்பந்து ஆடினார். அந்த விளையாட்டின் அளவுகோலில் உடம்பு சிறியது. நட்சத்திர ஆட்டக்காரர் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நொடியால் அந்த ஊரே அவரை மறக்கவில்லை. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தது. வீடிழந்தவர்கள் தஞ்சம் புகுந்த சூப்பர்டோம் அரங்கம் சிதைந்து போனது. அணி ஓராண்டு வேறு ஊர்களில் ஆடிவிட்டு 2006 செப்டம்பர் 25 அன்றுதான் சொந்த அரங்கத்துக்குத் திரும்பியது. ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களுக்குள், எதிரணியான அட்லாண்டா ஃபால்கன்ஸ் காலால் உதைத்து அனுப்ப முயன்ற பந்தின் மேல் கிளீசன் முழு நீளத்துக்குப் பாய்ந்து கையால் தட்டிவிட்டார். பந்து எல்லைக்குள் உருண்டது, சக ஆட்டக்காரர் அதன்மேல் விழுந்து புள்ளி எடுத்தார், அரங்கம் வெடித்தது. அந்தப் பாய்ச்சலுக்கு 2012இல் சூப்பர்டோமுக்கு வெளியே வெண்கலச் சிலை வைத்தார்கள்.

சிலை வைத்த நேரத்தில் அவருக்கு நோய் வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. 2011 ஜனவரியில், 33 வயதில், அவருக்கு ஏ.எல்.எஸ். என்று உறுதியானது. அதே ஆண்டு அக்டோபரில் மகன் பிறந்தான். அந்த ஆண்டே டீம் கிளீசன் என்ற அறக்கட்டளையையும் தொடங்கினார்கள்.

ஏ.எல்.எஸ். நோயில் தசைக்குக் கட்டளை அனுப்பும் இயக்க நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. கை போகும், நடை போகும், நாக்கு தடிக்கும், விழுங்குவது சிரமமாகும், கடைசியில் மூச்சுத் தசையும் கைவிடும். பெரும்பாலோர் நோய் தெரிந்த இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். வென்டிலேட்டரை ஏற்றுக்கொண்டால் இன்னும் பல ஆண்டு வாழலாம், கிளீசன் ஏற்றுக்கொண்டார். பலருக்கு அறிவும் நினைவும் அப்படியே இருக்கும். இன்னொன்றும் தப்பிப் பிழைக்கிறது. கண்ணை அசைக்கும் தசைகளுக்கான நரம்பு செல்கள் இந்த நோய்க்கு மற்றவற்றைவிட வெகுநாள் ஈடு கொடுக்கின்றன. உடம்பு முழுக்க அடைத்த பிறகும் இரண்டு ஜன்னல் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் அந்த ஜன்னலை நம்பித்தான் நிற்கிறது.

திரைக்கு முன்னால்

திரையின் அடியில் ஒரு பட்டை. அதற்குள் அகச்சிவப்பு ஒளி விளக்குகளும் கேமராவும். அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழியின் முன்பரப்பில் பட்டு ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெறிக்கும். கேமரா இரண்டைப் பார்க்கிறது: கண்மணியின் நடு, இந்த ஒளிப்புள்ளி. தலை நிலையாக இருக்கும்போது ஒளிப்புள்ளி பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும். கண்மணி மட்டும் நகரும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியும் திசையும்தான் கணக்கின் மூலப்பொருள்.

ஆனால் ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு வடிவம். அதனால் முதலில் கேலிபரேஷன், அதாவது கருவியை அந்தக் கண்ணுக்குப் பழக்குவது. திரையில் ஒரு புள்ளி இடப்பக்க மேல் மூலையில் வரும், பார்க்க வேண்டும். நடுவுக்கு வரும், பார்க்க வேண்டும். வலப்பக்கக் கீழ் மூலைக்குப் போகும். ஐந்து அல்லது ஒன்பது இடம். இதற்குள் இருமல் வந்தால், இமை சரிந்தால், எச்சிலை உறிஞ்சி எடுக்க நர்ஸ் குறுக்கே குனிந்தால், திரும்பவும் முதலிலிருந்து. எல்லாம் சரியாக அமைந்தாலும் அரை முதல் ஒரு பாகை வரை பிழை இருக்கும். அறுபது சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பாகை என்பது திரையில் ஒரு சென்டிமீட்டர். எழுத்துக் கட்டங்கள் அதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால்தான் தப்பு வராது.

இனிமேல்தான் உண்மையான தலைவலி. இந்த வரியைப் படிக்கும்போதே உங்கள் கண் ஒரு நொடிக்கு மூன்று நான்கு முறை தாவிக்கொண்டிருக்கிறது. கண் பார்ப்பதற்குப் படைக்கப்பட்டது, பொத்தானை அமுக்குவதற்கு இல்லை. பார்த்ததையெல்லாம் கணினி தேர்வு என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? 1990இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் ஜேக்கப் இதற்கு மைடாஸ் சிக்கல் என்று பெயர் வைத்தார். தொட்டதெல்லாம் பொன்னாகிச் சோறும் பொன்னான கிரேக்க அரசன் மைடாஸ். நம் ஊரில் வைத்திருந்தால் பஸ்மாசுரன் சிக்கல் என்றிருப்பார்கள், கை வைத்த தலையெல்லாம் சாம்பல்.

தீர்வு, பார்வையை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது. ஓர் எழுத்தின் மேல் கண் அரை நொடியோ ஒரு நொடியோ தங்கினால்தான் அது விழும். நேரத்தைக் குறைத்தால் வேகம் வரும், பிழையும் வரும். கூட்டினால் பிழை குறையும், கண் காய்ந்து எரியும். பழகியவர் நிமிடத்துக்கு இருபது சொல் வரை எட்டலாம். பெரும்பாலோருக்கு ஐந்திலிருந்து பத்து. நாம் பேசும்போது நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிடுகிறோம். ஆகவே இந்தக் கருவியுடன் உரையாடுவது என்றால் எதிரே இருப்பவர் காத்திருக்க வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் வாக்கியத்தை நாமே ஊகித்து முடித்துவிடுவது பலருக்கும் வரும் கெட்ட பழக்கம். உதவி என்று நினைத்துக்கொண்டு பேச்சைப் பறித்துவிடுகிறோம்.

மூன்று விருப்பங்கள்

குரல் போவதற்கு முன்பே கிளீசன் தன் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். கணினி பேசும்போது அவர் சாயலில் பேசுவதற்கு அது உதவியது. 2014 பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலின் இடையே வந்த மைக்ரோசாஃப்ட் விளம்பரத்துக்குக் கணினி வழியாகக் குரல் கொடுத்தவரும் அவர்தான். விளம்பரத்தோடு விஷயத்தை முடித்துக்கொள்ள அவர் தயாராக இல்லை. அந்த நிறுவனத்துக்கு எழுதினார். கேட்டவை மகனோடு விளையாடுவது, மனைவியோடு இன்னும் சரளமாகப் பேசுவது, நாற்காலியைத் தானே ஓட்டுவது.

மூன்றாவதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பேச்சுக் கருவி வந்த பிறகும் ஓர் அறையை விட்டு வெளியே போக அவர் யாரையாவது கேட்க வேண்டியிருந்தது. கோபித்துக்கொண்டு எழுந்து போகும் உரிமைகூட ஒருவர் தள்ளினால்தான்.

சத்யா நாதெள்ளா தலைமைக்கு வந்த பின், 2014 ஜூலையில் மைக்ரோசாஃப்டில் முதல் ஹேக்கத்தான் நடந்தது, ஊழியர்கள் குழுவாகக் கூடிப் புதிதாக ஒன்றைச் செய்து காட்டும் போட்டி. அதில் ஒரு குழு இதைக் கையில் எடுத்தது. சர்ஃபேஸ் டேப்லெட்டையும் கண் கேமராவையும் மின் நாற்காலியோடு இணைத்துப் பார்வையால் ஓடும் நாற்காலியைச் செய்து காட்டினார்கள். அந்தப் போட்டியின் முதல் பரிசு அதற்குத்தான். ஓட்டும்போது மைடாஸ் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. எழுத்து தப்பினால் அழித்துக்கொள்ளலாம், நாற்காலி தப்பினால் சுவரில் போய் மோதும். போகும் வழியைப் பார்ப்பதா, திரையில் இருக்கும் அம்புக்குறியைப் பார்ப்பதா? கண் இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. வெளியில் போனால் வெயிலிலேயே அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, கேமராவுக்குக் கண் கூசும்.

அந்த முயற்சி பரிசோடு நிற்கவில்லை. ஆய்வுப் பிரிவில் இதற்கென ஒரு குழு அமைந்தது. 2017இல் விண்டோஸ் 10க்குள்ளேயே கண் கட்டுப்பாடு வந்தது. தொடக்கத்தில் அது டோபி என்ற சுவீடன் நிறுவனத்தின் 4சி கருவியோடு வேலை செய்தது. விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்ற அந்தப் பட்டையின் விலை 149 டாலர். மருத்துவப் பொருளாக விற்கப்பட்ட முழுமையான கண் பேச்சுக் கருவிக்கு அப்போது பத்தாயிரம் டாலருக்கு மேல்கூட ஆனது. வித்தியாசம் முழுவதும் கொள்ளை லாபம் என்று சொல்ல மாட்டேன். உறுதியான தாங்கி, பயிற்சி, பழுதானால் ஓடி வரும் ஆள் எல்லாம் அதில் சேரும். ஆனாலும் இடைவெளி பெரிதுதான்.

தாளில் இருந்த பூட்டு

மெடிகேர் 2001 முதல் பேச்சுக் கருவிகளுக்குப் பணம் கொடுத்துவந்தது. அதற்கு ஒரு நிபந்தனை, கருவி பேசுவதற்கு மட்டுமே பயன்பட வேண்டும். மடிக்கணினிக்குக் காசு கிடையாது. அதனால் நிறுவனங்கள் உள்ளே முழுக் கணினியை வைத்துவிட்டு, மின்னஞ்சல், இணையம் போன்றவற்றைப் பூட்டி விற்றன. நோயாளி தன் கைக்காசைக் கொடுத்துப் பூட்டைத் திறந்துகொள்வார். அரைகுறையான ஏற்பாடு, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது.

வாடகை விதி வந்ததும் அதுவும் அடைபட்டது. பொருள் இன்னும் உங்களுடையது ஆகவில்லையே, எப்படித் திறப்பீர்கள்? 13 மாதம் பொறுங்கள். இரண்டு மூன்று ஆண்டே மிச்சம் இருக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லப்பட்ட பதில் இது. போதாக்குறைக்கு, திறக்க வாய்ப்புள்ள கருவிக்கே பணம் கிடையாது என்ற விளக்கமும் 2014இல் வெளியாகி, எதிர்ப்பு கிளம்பிய பின் அந்த ஆண்டு நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கண் கேமராவைக் கேட்ட விண்ணப்பங்களும் அடிக்கடி நிராகரிக்கப்பட்டன. பேச்சுக் கருவி கொடுப்போம், அதை இயக்கும் கண்ணைக் கொடுக்க மாட்டோம் என்ற கதை.

அரசுக் காப்பீட்டில் மட்டும் இருந்த நோய் இல்லை இது. லாஸ் ஏஞ்சலிஸின் சுவரோவியர் டோனி குவான், டெம்ப்ட் ஒன் என்ற பெயரில் சுவர்களில் வரைந்தவர், அவருக்கும் 2003இல் ஏ.எல்.எஸ். வந்தது. காப்பீடு இருந்தும் கண் கருவி கிடைக்கவில்லை. குடும்பத்தார் ஒரு தாளில் எழுத்துக்களை எழுதி விரலை ஓட்டுவார்கள், அவர் இமைக்கும் இடத்தில் நிறுத்துவார்கள். ஓர் எழுத்து. திரும்ப முதலிலிருந்து. 2009இல் மிக் எபெலிங் என்ற படத் தயாரிப்பாளர் சில நிரலாளர்களையும் சுவரோவியக் கலைஞர்களையும் தன் வீட்டில் கூட்டினார். கடற்கரைக் கடையில் வாங்கிய மலிவுக் கண்ணாடிச் சட்டம், பிளேஸ்டேஷன் கேமரா, கம்பி, அகச்சிவப்பு எல்.இ.டி. ஐரைட்டர் பிறந்தது. மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி அவர் கண்ணால் வரைந்தது நகரத்துக் கட்டடச் சுவரில் ஒளியாக விழுந்தது. கருவிக்கு ஆன செலவு ஐம்பது டாலர் அளவுதான். நிரலையும் செய்முறையையும் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்துவிட்டார்கள்.

ஐரைட்டரைப் பார்த்துவிட்டு “அவ்வளவு மலிவாகச் செய்யலாமே, பிறகு ஏன் காப்பீட்டோடு சண்டை?” என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நண்பர் கூட்டத்தில் நிரலாளர்கள் இருப்பது எல்லாருக்கும் வாய்க்காது. இரவு இரண்டு மணிக்கு கம்பி அறுந்தால் ஒட்ட யார் வருவார்? அன்பளிப்பாக வந்த ஒன்று உரிமையாக வருவதற்கு ஈடாகாது.

கிளீசன் பிடித்தது அந்த உரிமையின் பக்கம். அவர் பிறந்த ஸ்போகேன் பகுதியின் பிரதிநிதி கேத்தி மெக்மாரிஸ் ராஜர்ஸும், அவர் ஆடிய லூசியானாவின் பிரதிநிதி ஸ்டீவ் ஸ்கலீஸும் செனட்டர் டேவிட் விட்டரும், மறு கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஏமி குளோபுசாரும் மசோதாவை முன்னெடுத்தார்கள். இரு கட்சியும் சேர்ந்து வாக்களித்த அபூர்வம். 2015 ஜூலை 30 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். அதன் பெயரே ஸ்டீவ் கிளீசன் சட்டம். பேச்சுக் கருவிகள் வாடகைப் பட்டியலிலிருந்து வெளியே வந்தன. கண் அசைவைப் படிக்கும் துணைக் கருவிகள் சட்டத்திலேயே இடம் பெற்றன. அதே வாரத்தில், பேச்சுக் கருவி மின்னஞ்சலும் தொலைபேசியும் கையாளக்கூடியதாக இருந்தாலும் தடையில்லை என்று மெடிகேர் தன் பழைய வரையறையையும் திருத்தியது. பேசுவது என்றால் எதிரே நிற்பவரோடு மட்டும்தான் என்ற எண்ணத்திலிருந்து அரசு நகர இத்தனை ஆண்டு ஆயிற்று.

சட்டத்துக்கு 2018 வரைதான் ஆயுள் குறித்திருந்தார்கள். 2018 பிப்ரவரியில் பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து அதை நிரந்தரமாக்கினார்கள்.

சட்டம் எட்டாத இடம்

தமிழில் எழுதுவதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விண்டோஸின் கண் விசைப்பலகை ஆரம்பத்தில் அமெரிக்க ஆங்கிலத்தில்தான் வந்தது. தமிழில் கண்ணால் எழுதுவது எப்படி இருக்கும்? 247 எழுத்தையும் கட்டம் கட்டினால் ஒவ்வொன்றும் கடுகளவாகிவிடும், மேலே சொன்ன ஒரு சென்டிமீட்டர் பிழைக்கு அது தாங்காது. ஆனால் தமிழ்99 விசைப்பலகையில் உயிர் பன்னிரண்டு, மெய்க்குப் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசை போதும். க-வும் உ-வும் தொட்டால் கு. மெய் இரட்டித்தால் புள்ளி தானே விழும். “வலிக்குது” என்று சொல்ல எட்டு விசை, பார்வை தங்கும் நேரத்தையும் சேர்த்தால் பத்து நொடி. கைக்காக 1999இல் தரப்படுத்திய பலகை, கண்ணுக்கும் கச்சிதமாக அமையும் போலிருக்கிறது.

கண்ணும் என்றென்றைக்கும் இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வென்டிலேட்டரில் பல ஆண்டு வாழ்பவர்களில் சிலருக்குக் கண் தசையும் தளர்ந்துவிடுகிறது. ஜெர்மனியில் கண் அசைவு முழுவதும் போன ஒரு நோயாளிக்கு மூளையில் மின்முனைகள் பதித்து, ஒலியைக் கேட்டபடி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வைத்த முயற்சியின் முடிவு 2022இல் வெளியானது. வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்து. அந்த வேகத்திலும் அவர் மகனிடம் அன்பைச் சொன்னார், குலாஷ் சூப் கேட்டார்.

கிளீசன் இன்னும் கண்ணால்தான் எழுதுகிறார். 2020 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது, அவருடைய விளையாட்டிலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள். 2024இல் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார். நிமிடத்துக்குப் பத்துச் சொல் என்று வைத்தால் இந்தக் கட்டுரை நீளத்துக்கு எழுதவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும், அதுவும் கண் ஓயாமல் இருந்தால்.

ஆனால் எந்தச் சட்டத்திலும் எழுத முடியாத ஒன்று அன்றாடம் நடக்கிறது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது தாங்கியில் யாருடைய முழங்கையாவது இடித்துவிடும். திரை கொஞ்சமே கொஞ்சம் திரும்பும். கேமராவுக்குக் கண் தெரியாது. “திரை நகர்ந்துவிட்டது” என்று சொல்ல வேண்டுமானால் அதே திரைதான் வேண்டும். அந்த நேரத்துக்காக, பழகிய வீடுகளில் முன்பே ஓர் அடையாளம் பேசி வைத்திருப்பார்கள்: கண்ணை மேலே தூக்கினால் ஆம், மூடினால் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணியில் எழுத்துக்கள் ஒட்டிய ஒரு தெளிவான பிளாஸ்டிக் பலகையும் தொங்கும். மனைவியோ பராமரிப்பாளரோ அதை இரண்டு முகங்களுக்கும் நடுவில் தூக்கிப் பிடித்து, எதிரே இருக்கும் கண் எந்த எழுத்தில் போய் நிற்கிறது என்று தன் கண்ணாலேயே தேடுவார்.